இரண்டு வயதுக்கும் எட்டு வயதுக்கும் நடுவே

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் அங்கன்வாடியும் தொடக்கப் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. வாசலிலிருந்து இருபதடி தள்ளி ஒரு பெட்டிக்கடை. சோப்பும் தீப்பெட்டியும் உள் தட்டில் இருக்க, ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் மட்டும் கூரை விளிம்பிலிருந்து சரம் சரமாகத் தொங்குகின்றன. கடைசிப் பாக்கெட் நான்கு வயதுக் குழந்தையின் முகத்துக்கு நேரே நிற்கிறது. இன்னும் ‘அ’ எழுதப் பழகாத ஒரு சிறுவன் தன் பாட்டியிடம், “ஆயா, புலி போட்ட பாக்கெட்டு” என்று கேட்டான். ஆயா பக்கத்துச் சரத்திலிருந்து வேறொன்றைக் கிழித்துக் கொடுக்கவே, அதைத் தரையில் வீசிவிட்டு அழத் தொடங்கினான். இரண்டு பாக்கெட்டிலும் இருந்தது ஏறக்குறைய ஒரே மாவுப் பொரிதான்.

எழுத்தைக் கற்பதற்கு வெகுமுன்பே குழந்தை நிறத்தையும் வடிவத்தையும் முகத்தையும் நினைவில் பதித்துக்கொள்கிறது. ஆனால் அந்தப் படம் எதற்காகத் தன் முன் வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கும் திறன் மிகவும் பிந்தியே வருகிறது. நான்கைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலருக்கு நிகழ்ச்சி எது, விளம்பரம் எது என்றே பிரித்தறிய இயலாது; பிரித்தறிந்த பிறகும், ‘இவர்கள் என்னை வாங்க வைக்கப் பார்க்கிறார்கள்’ என்ற புரிதல் ஏழெட்டு வயதில்தான் உருவாகிறது. இதைச் சுட்டிக்காட்டித்தான் அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று, எட்டு வயதுக்கு உட்பட்டோரை நோக்கிய விளம்பரங்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2004இல் பரிந்துரைத்தது.

இதைவிட வியப்பானது, பழகிய அடையாளம் சுவையையே மாற்றிவிடுவது. கலிபோர்னியாவில் நடந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 63 குழந்தைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகப் பொதிந்து கொடுத்தார்கள்: ஒன்று வெற்றுத் தாளில், மற்றொன்று பெயர்பெற்ற துரித உணவகத்தின் சின்னம் போட்ட தாளில். பெரும்பாலான உணவுகளில் சின்னம் போட்டதே ருசி என்று குழந்தைகள் சொன்னார்கள்; அந்த உணவகம் அப்போது விற்காத கேரட்டுக்கும் அதே தீர்ப்புதான். அவர்கள் பொய் சொல்லவில்லை. சுவை என்பது நாக்கோடு முடிவதன்று; மணம், நிறம், முன்நினைவு, எதிர்பார்ப்பு ஆகியவற்றைச் சேர்த்து மூளை கட்டுகிற அனுபவம் அது. அந்தச் சிறுவனுக்குப் புலிப் பாக்கெட் உண்மையிலேயே கூடுதலாக இனித்திருக்கக்கூடும் என்பதால், அவன் அழுகையை வெறும் அடமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

தூண்டுதலுக்குப் பசியும் தேவையில்லை. 2009இல் வெளியான மற்றோர் ஆய்வில், கார்ட்டூனுக்கு இடையே உணவு விளம்பரம் பார்த்த 7 முதல் 11 வயதுக் குழந்தைகள், வேறு விளம்பரம் பார்த்தவர்களைவிட 45 விழுக்காடு அதிகமாக, முன்னால் வைத்திருந்த நொறுக்குத்தீனியைத் தின்றார்கள். விளம்பரத்தில் வந்த பண்டம்கூட அன்று அது. ஆசையைத் தள்ளிப்போடச் செய்யும் முன்மூளைப் பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருப்பது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்தில் இந்தப் பாக்கெட்டுகளோடு போட்டியிட்டுத் தோற்பது கேழ்வரகுக் களிதான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் இருப்பதைப் போல் அது பல மடங்கு. தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்கும் திட்டம் 2023இல் தொடங்கியது. இனிப்பு பிறவியிலேயே பிடித்துவிடும்; களி போன்ற சுவைகளையோ வற்புறுத்தாமல் எட்டுப் பத்து முறையாவது கொடுத்துத்தான் பழக்க வேண்டும். அந்தப் பத்து வாய்ப்புகளையும், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு வயிற்றுக்குள் போகும் ஒரு பாக்கெட் பறித்துவிடுகிறது.

‘வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் போயிற்று’ என்பார்கள். தாய் தகப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்க, பேரப்பிள்ளையை வளர்க்கும் ஒரு மூதாட்டியிடம் அதைச் சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒருபுறம் நிறம், படம், இலவசப் பொம்மை என ஒவ்வொன்றையும் தேர்ந்து செய்யும் தொழில். மறுபுறம் அவருடைய பொறுமை மட்டுமே.

சட்டம் இதை அறியாமல் இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான உணவை விளம்பரப்படுத்துவதை 1992ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக்கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டு விதிமுறைகள். குழந்தைகளுக்கான சேனல்களில் சிப்ஸ், குளிர்பான விளம்பரம் கூடாது என்கிறது 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல். ஆயினும் கடையில் தொங்கும் பாக்கெட்டே ஒரு விளம்பரம். சிலி நாடு 2016இல் அதையும் கணக்கில் எடுத்து, சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களின் உறையிலிருந்து கார்ட்டூன் உருவங்களை நீக்கச் செய்தது. நம் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு இரண்டு வயதோடு முடிகிறது; விளம்பரத்தை விளம்பரமாகப் பார்க்கும் அறிவு எட்டு வயதில் வருகிறது. அங்கன்வாடியில் சேர்வதும், அந்தக் கடையைத் தினமும் இரண்டு முறை கடந்து போவதும் இடைப்பட்ட அந்த ஆறு ஆண்டுகளில்தான்.