மனக்கண் எல்லாருக்கும் உண்டா?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி கேள்வி அனுப்பியிருக்கிறார். மாலையில் அவர் போகும் தியான வகுப்பில் ஆசிரியை, "கண்ணை மூடுங்கோ. முன்னால ஒரு குத்துவிளக்கு எரியுது. அந்தச் சுடரையே பாருங்கோ" என்று சொல்வாராம். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். இவருக்கு வெறும் இருட்டு. "நாற்பது வயது வரைக்கும் அது சும்மா சொல்லுற கதை எண்டுதான் நினைச்சிருந்தன். உண்மையிலேயே மற்ற ஆக்களுக்கு விளக்குத் தெரியுதா, இல்லாட்டி எல்லாரும் சேர்ந்து நடிக்கினமா?"

ஒருவரும் நடிக்கவில்லை, அவர்களும் சரி, நீங்களும் சரி. மனதுக்குள் படம் தெரிவது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு நேரில் பார்ப்பது போலவே தெரியும், பலருக்கு மங்கலாகத் தெரியும், சிலருக்கு எதுவுமே தெரியாது. எதுவுமே தெரியாதவர்கள் நூறு பேரில் ஒருவர் அளவில் இருப்பார்கள். மிக மங்கலாகத் தெரிபவர்களையும் சேர்த்தால் நான்கு பேர் அளவுக்கு வரும். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குப் போகும் நெரிசலான பஸ்ஸில் உங்களைப் போல இன்னொருவர் நின்றுகொண்டிருக்கச் சாத்தியம் உண்டு.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1880இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கோல்ட்டன் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதற்காக அவர் பலரிடம் கேட்டது இதுதான்: இன்று காலை சாப்பிட்ட மேசையை நினைத்துப் பாருங்கள், வெளிச்சமும் நிறமும் உருவமும் எப்படித் தெரிகின்றன? எதிரில் இருப்பது போலத் தெரிகிறது என்று சிலர் எழுதினார்கள். அவருக்குப் பழக்கமான விஞ்ஞானிகளில் பலரோ, அப்படி ஒன்று இருப்பதையே நம்பவில்லை. அதன் பிறகு நெடுங்காலம் இந்தப் பக்கம் பெரிதாக எவரும் போகவில்லை. 2010இல் அடம் சீமன் என்ற நரம்பியல் வைத்தியரும் கூட்டாளிகளும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். இதயக் குழாய்க்குச் சிகிச்சை பெற்ற பிறகு அவருக்கு மனக்காட்சி முற்றாக நின்றுபோயிருந்தது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் "எனக்குப் பிறந்ததில் இருந்தே இப்படித்தான்" என்று எழுதத் தொடங்கினார்கள். 2015இல் சீமன் இதற்கு அஃபன்டேசியா என்று பெயர் வைத்தார். இது நோய் அல்ல. சிலருக்கு முகங்களை அடையாளம் காண்பது சற்றுச் சிரமம், ஆனால் பெரும்பாலோருக்குக் கனவில் படம்கூட வருகிறது. பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல்லுக்கும் மனக்காட்சி கிடையாது. அசையும் படத்தையே தொழிலாக வைத்திருந்தவர்!

சரி, இதெல்லாம் அவரவர் வாயால் சொன்னது. என்னுடைய "தெளிவு" உங்களுடைய "மங்கல்" ஆக இருக்கலாம். மண்டைக்குள் எட்டிப் பார்த்து ஒப்பிட வழி இல்லை. எல்லாரும் ஒரே மாதிரித்தான் நினைக்கிறோம், சொல்லும் விதம்தான் வேறு என்று ஒருவர் வாதிட்டால் என்ன செய்வது? இந்தச் சிக்கலுக்கு 2022இல் சிட்னியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை அது. அதற்கு முதலில் கண்மணியைப் பற்றிக் கொஞ்சம் கதைக்க வேண்டும்.

கண்ணின் நடுவே தெரியும் கறுப்பு வட்டம் உண்மையில் ஓர் ஓட்டை. அதைச் சுற்றியுள்ள நிறமான பகுதி, அதாவது கதிராளி, இரண்டு வகைத் தசைகளைக் கொண்டது. வளையமாக ஓடும் தசை இறுகினால் ஓட்டை சுருங்கும். ஆரைகளைப் போல வெளிநோக்கி ஓடும் தசை இழுத்தால் விரியும். சுருங்கினால் 2 மில்லிமீற்றர், நன்றாக விரிந்தால் 8 வரை. கொழும்பு கண் வைத்தியசாலையில் சொட்டுமருந்து விட்டுச் சோதித்தபின் லிப்டன் சுற்றுவட்டத்து வெயிலில் இறங்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வளையத் தசைக்குப் போகும் நரம்புச் செய்தியை அந்த மருந்து தடுத்துவிடுகிறது. ஓட்டை மூடாது, வெயில் முழுவதும் உள்ளே கொட்டும்.

வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவது தெறிவினை என்று சாதாரண தரத்திலேயே படித்தோம். செய்தி விழித்திரையில் இருந்து நடுமூளைக்குப் போய், அங்கிருந்து அப்படியே திரும்பி வருகிறது. யோசிக்கும் மூளையைக் கேட்பதே இல்லை. மேலதிகாரியின் கையெழுத்துக்குப் போகாமல் கவுண்டரிலேயே முடிந்துவிடும் காரியம் மாதிரி. கையை மடக்கு என்றால் மடக்கலாம். கண்மணியைச் சுருக்கு என்று உங்களுக்கு நீங்களே கட்டளை போட ஏலாது.

ஆனால் மாடியில் இருக்கும் மேலதிகாரி இடைக்கிடை எட்டிப் பார்க்கத்தான் செய்கிறார். ஒரே அளவு ஒளியைத் தரும் இரண்டு படங்களைக் காட்டி, ஒன்றில் சூரியன் இருந்தால், அதைப் பார்க்கும்போது கண்மணி கூடுதலாகச் சுருங்குகிறது. வெளிச்சம் கூடவில்லை, "இது சூரியன்" என்ற அறிவு மட்டும் கூடியிருக்கிறது. 2014இல் ஒஸ்லோவில் ப்ரூனோ லேங் என்ற ஆய்வாளரும் அவரது கூட்டாளியும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். எதையும் காட்டாமல், வெயில் அடிக்கும் வானத்தை நினைக்கச் சொன்னபோது கண்மணி சுருங்கியது, இருட்டறையை நினைக்கச் சொன்னபோது விரிந்தது. மனதுக்குள் எரியும் விளக்குக்கும் கண் கூசுகிறது!

இங்கேதான் ஜோயல் பியர்சனின் சிட்னிக் குழு வருகிறது. மனக்காட்சி உள்ளவர்கள் 42 பேர், இல்லை என்று சொல்பவர்கள் 18 பேர். சாம்பல் நிறத் திரையில் வெளிறிய முக்கோணங்களை அல்லது கருமையான முக்கோணங்களைக் காட்டினார்கள். நேரில் பார்க்கும்போது இரண்டு கூட்டத்துக்கும் கண்மணி ஒரே மாதிரித்தான் வேலை செய்தது. பிறகு வெறும் திரையைப் பார்த்தபடி, கண்ட உருவத்தை மனதுக்குள் கொண்டுவரச் சொன்னார்கள். முதல் கூட்டத்தில், வெளிறியதை நினைத்தபோது இருந்ததைவிடக் கருமையானதை நினைத்தபோது கண்மணி பெரிதாக இருந்தது. காட்சி எவ்வளவு தெளிவு என்று அவர்கள் சொன்னார்களோ, அதற்கேற்ப வித்தியாசமும் கூடியது. இரண்டாம் கூட்டத்தில் அப்படி எந்த வித்தியாசமும் காணவில்லை.

உடனே ஒரு சந்தேகம் வரும். அந்த 18 பேரும் நினைக்க முயலாமலே இருந்திருக்கலாமே? இதற்கும் கண்மணியே பதில் வைத்திருந்தது. கடினமாக மூளையைப் பாவித்தால் கண்மணி விரியும் என்பது பழைய செய்தி. 1966இல் டானியல் கானமன், ஜாக்சன் பீட்டி என்ற உளவியலாளர்கள் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னபோது, இலக்கம் ஏற ஏறக் கண்மணி விரிந்தது, அவற்றை ஒப்புவிக்க ஒப்புவிக்கச் சுருங்கியது. சிட்னியிலும் சில தடவை ஒரு முக்கோணத்தையும், சில தடவை நான்கு முக்கோணங்களையும் நினைக்கச் சொன்னார்கள். நான்கு என்றபோது அந்த 18 பேரின் கண்மணியும் விரிந்தது. அதாவது அவர்கள் முக்கித்தக்கி முயன்றிருக்கிறார்கள். முயற்சி நடந்தது, வெளிச்சம்தான் வரவில்லை. நாம் கட்டுப்படுத்த முடியாத ஓர் உறுப்பில் இருந்தே இந்த இரண்டு செய்தியையும் தனித்தனியாகப் பிரித்து எடுத்த அந்தக் கெட்டித்தனத்தை எத்தனை தரம் வாசித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

ஆனாலும் இது சராசரியில் தெரியும் வித்தியாசம், அதுவும் மில்லிமீற்றரில் ஒரு சிறு பின்னம். இதை வைத்து ஒருவருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்க முடியாது. முயற்சியால் விரிவதை வேண்டுமானால் வீட்டிலேயே பார்க்கலாம். அக்காவின் மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். யன்னலோரம் இருத்தி, போன் கமெராவைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "17ஐ 24ஆல் பெருக்கு" என்றேன். "மாமா, பேப்பர் தாங்கோ!" பேப்பர் கிடையாது என்றதும் உதட்டைக் கடித்துக்கொண்டு கணக்கில் இறங்கினாள். அந்தக் கணத்தில் கறுப்பு வட்டம் மெல்ல அகன்றது. "நானூற்று எட்டு" என்றதும் திரும்பச் சுருங்கியது. நம்மவர்களின் கதிராளி கடும் கபிலம் என்பதால் எல்லை கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆய்வுகூடங்களில் அகச்சிவப்புக் கமெரா பாவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். கதிராளிக்கு அந்தக் கபில நிறத்தைத் தரும் மெலனின் அகச்சிவப்பை அவ்வளவாக உறிஞ்சாது. ஆகவே கறுத்த கண்ணும் அந்தக் கமெராவில் சாம்பலாகத் தெரியும், நடுவில் ஓட்டை பளிச்சென்று நிற்கும்.

படம் வராவிட்டால் பயமும் குறையும் என்பது அதே சிட்னி ஆட்கள் 2021இல் கண்டது. இருட்டறையில் சுறா துரத்தும் கதை, மலை விளிம்பில் இருந்து விழும் கதை எல்லாம் திரையில் வாசிக்கக் கொடுத்துத் தோலின் வியர்வையை மின்னோட்டத்தால் அளந்தார்கள். மனக்காட்சி உள்ளவர்களுக்கு அளவு ஏறியது, மற்றவர்களுக்கு அப்படியே கிடந்தது. பயங்கரமான படங்களை நேரில் காட்டியபோது இரு சாராரும் ஒரே மாதிரிப் பயந்தார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு மை போட்டுப் பார்ப்பதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் நகை காணாமல் போனால் வெற்றிலையில் மை தடவி, ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு, "என்ன தெரியுது?" என்று கேட்பார்கள். மனக்காட்சி பலமாக உள்ள பிள்ளைக்குக் கறுப்பு மையில் உருவம் தெரியத்தான் செய்யும், பிள்ளை பொய் சொல்லவில்லை. ஆனால் தெரிவது அதன் மனதில் ஏற்கெனவே இருப்பதுதான், அல்லது பெரியவர்கள் கேள்வியிலேயே நுழைத்துவிட்டது. அதை நம்பி வீட்டு வேலைக்கு வரும் பெண்ணில் பழி போடுவது மூடநம்பிக்கை மட்டுமல்ல, அநியாயமும்கூட. படம் தெரியாத பிள்ளையைக் கூப்பிட்டிருந்தால் கள்ளனே கிடைத்திருக்கமாட்டான்! "மனதில் படமாகப் பதி" என்பதை மட்டுமே சொல்லிக் காசு பறிக்கும் ஞாபகசக்தி வகுப்புகளும் இப்படித்தான். படம் வராத பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று முத்திரை குத்திவிடுவார்கள்.

படத்தைப் போலவே மனதுக்குள் ஓடும் பேச்சும் ஆளுக்கு ஆள் மாறும். இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாயால் வேறு கதை கதைத்துப் பாருங்கள். பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் இளவயதில் முயன்றபோது, எண்ணிக்கொண்டே வாசிக்க முடிந்தது, கதைக்க முடியவில்லை. அவர் நண்பர், புள்ளிவிபரவியலாளர் ஜோன் டூக்கிக்கு நேர்மாறு. தாராளமாகக் கதைத்தார், வாசிக்கத்தான் முடியவில்லை. ஃபெயின்மன் உள்ளே குரலால் எண்ணியிருக்கிறார். டூக்கி இலக்கங்கள் எழுதிய நாடா நகர்வதை உள்ளே பார்த்து எண்ணியிருக்கிறார்.

அமெரிக்க உளவியலாளர் ரஸல் ஹேர்ல்பேர்ட் இதை ஒழுங்காக அளந்தார். ஆட்களிடம் ஒரு பீப் கருவியைக் கொடுத்துவிடுவார். அது எப்போது அடிக்கும் என்று தெரியாது. அடித்ததும், அடிப்பதற்குச் சற்று முன் மனதில் என்ன இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாணவர்களிடம் செய்த ஓர் ஆய்வில் உட்பேச்சு வந்தது சராசரியாக நான்கில் ஒரு பங்கு. சிலருக்கு ஒரு தடவைகூட இல்லை, சிலருக்கு நான்கில் மூன்று. பேச்சும் இல்லாமல் படமும் இல்லாமல் எண்ணம் மட்டும் தெளிவாக நிற்கும் கணங்களும் நிறைய வந்தன. 2024இல் யோஹான நெதர்கார்டும் கேரி லுபியானும் வெளியிட்ட ஆய்வில், உட்பேச்சு குறைந்தவர்களுக்குச் சொற்களை ஞாபகம் வைப்பதும் எதுகை கண்டுபிடிப்பதும் சற்றுக் கடினமாக இருந்தன. ஒரு வேலையில் இருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் அவர்கள் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இதற்குக் கொழும்பைவிடப் பொருத்தமான ஊர் எது? புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர் வாடிக்கையாளரிடம் சிங்களத்தில் விலை சொல்கிறார், பொடியனைத் தமிழில் ஏவுகிறார், வங்கிக் கடிதத்தை ஆங்கிலத்தில் படிக்கிறார். மிச்சக் காசை உள்ளே எந்த மொழியில் எண்ணுகிறார்? தெரிந்தவர்களிடம் கேட்டால், அனேகமாக வாய்ப்பாடு பாடமாக்கிய மொழியைச் சொல்கிறார்கள். "மொழியா? காசு கண்ணில தெரியும், அவ்வளவுதான்" என்ற ஒருவரும் இருக்கிறார். கேட்டறிந்தது போதாது, அளந்து பார்க்க வேண்டும். தென்கொரியா மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்துக்கு மேல் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறது. இலங்கையில் அது 0.1 சதவீதத்தை ஒட்டித்தான் கிடக்கிறது. காசில்லை என்ற சாட்டு எனக்குப் புரிகிறது, ஆனால் ஹேர்ல்பேர்ட்டின் முறைக்குக் காசே வேண்டாம். ஒரு போன் அலாரம், ஒரு கொப்பி, பொறுமையாகக் கேள்வி கேட்க ஓர் ஆள், இவ்வளவுதான். உளவியல் படிக்கும் மாணவர் யாராவது தொடங்கினால் என் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் மட்டும் அலாரம் வைக்க வேண்டாம். அப்போது எந்த மொழிக்காரரின் மண்டையைத் திறந்தாலும் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.