அடைவுத் தேர்வில் தேர்ச்சிக் கோடு போடுவது யார்?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் வீடுகளில் இந்தக் கேள்வி வரும்: "அடைவுத் தேர்வு எழுதினானே, மார்க் எங்கே?"

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேசிய அடைவு ஆய்வு என்றால் பிள்ளைக்குத் தனியாக மார்க் வராது. சில பள்ளிகளை மட்டும் மாதிரிக்கு எடுத்து, மதுரை மாவட்டம் எப்படி இருக்கிறது என்று அறிக்கை தருவார்கள். 2021 நவம்பரில் 3, 5, 8, 10 வகுப்புகளுக்கு நடந்தது. 2024 டிசம்பரில் 3, 6, 9 வகுப்புகளுக்கு. இது தவிர 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசே 3, 5, 8 வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடத்தியது. இவற்றை வைத்து யாரையும் ஃபெயிலாக்குவதில்லை. அந்தப் பயம் வேண்டாம்.

2021 தேசிய ஆய்வின் அறிக்கையில் 'அடிப்படைக்கும் கீழ்', 'அடிப்படை', 'தேர்ச்சி', 'மேம்பட்ட நிலை' என்று பிரித்திருந்தார்கள். அடிப்படை எங்கே முடிகிறது, தேர்ச்சி எங்கே தொடங்குகிறது? பத்தாம் வகுப்புக்கு 35 மாதிரி எல்லாத் தாளுக்கும் ஒரே எண் இங்கே சரிப்படாது. வினாத்தாள் லேசாக இருந்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள்.

தாளுக்குத் தக்கபடி கோடு போடப் பல நாடுகளிலும் புழங்குவது ஆங்காஃப் முறை. 2022 மார்ச்சில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதித்த தேசிய ஆய்வில் அளவுகோல் வைத்ததும் இதன் ஒரு வடிவத்தில்தான். அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களை உட்கார வைத்து, வினாக்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். இப்படி ஒரு வினா என்று வைத்துக்கொள்ளுங்கள்: மல்லிகை முழம் 30 ரூபாய், மூன்று முழம் வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? தேர்ந்தெடுக்கக் கொடுக்கும் விடைகளில் 90-உம் இருக்கும். பெருக்கியதோடு நிறுத்தும் பிள்ளை அதில் போய் விழும்.

ஆசிரியர்களிடம் கேட்பது இது: நன்றாகப் படிக்கிற பிள்ளை அல்ல, தட்டுத்தடுமாறித் தேறுகிற பிள்ளைகள் பத்துப் பேர் என்றால், எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள்? "ஏழு" என்பார் ஒரு டீச்சர். "மீதி கேட்டாலே குழம்புவாங்க, அஞ்சுதான்" என்பார் இன்னொருவர். பேசி, பிள்ளைகள் உண்மையில் எழுதிய விடைகளையும் பார்த்து, இரண்டாவது சுற்றில் மாற்றிச் சொல்லலாம். சராசரி ஆறு என்றால் அந்த வினாவுக்கு 0.6. தாளில் இருபது வினா என்றால், எல்லாவற்றுக்கும் இப்படிக் கூட்டி 11.4 வந்தால், 12 சரியாகப் போட்டவர் தேர்ச்சி.

ஆக, கோடு என்பது கூடி எடுத்த முடிவு. அதில் தப்பில்லை, வகுப்பறை தெரிந்தவர்கள் போட்டால் நல்ல கோடுதான். ஆனால் "பாதிப் பேர் தேர்ச்சி இல்லை" என்ற தலைப்பைப் பார்த்தவுடன் பள்ளியைத் திட்டக் கிளம்பாதீர்கள். கோடு எங்கே இருக்கிறது, போன முறைக்கும் இந்த முறைக்கும் ஒரே கோடா என்று முதலில் பாருங்கள். தாளும் வகுப்பும் மாறியிருக்க, இரண்டு ஆண்டு சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏறிச்சு, இறங்கிச்சு என்பது வெறும் பேச்சு.

சரி, உங்கள் பிள்ளையின் நிலை தெரிய வேண்டுமா? தொடக்க வகுப்பென்றால் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். வகுப்பு ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார். பள்ளியின் நிலையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். ஹெச்.எம். சதவீதத்தை மட்டும் வாசித்தால் விடாதீர்கள். எந்த மாதிரிக் கணக்கில் பிள்ளைகள் அதிகம் தவறவிட்டார்கள் என்று கேளுங்கள்.