சிவப்பு என்பது விலை அல்ல

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வைத்திருக்கும் ஒருவர் அழைத்தார். “தம்பி, வெப்சைட்ல விலை வாரியா அடுக்கச் சொன்னா தாறுமாறா வருது. மொத்தம் போட்டா ஏதோ இங்கிலீஷ் எழுத்து காட்டுது.”

அந்த எழுத்து ‘என்ஏஎன்’. ‘நாட் எ நம்பர்’, அதாவது ‘எண் அல்ல’ என்பதன் சுருக்கம்.

சரக்கு விவரங்களைக் குறிகளுக்குள் (டேக்) வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்தேன். விலைக்கான குறிக்குள் ஃபான்ட் குறி, சிவப்பு நிறம், தடித்த எழுத்து, ரிங்கிட்டைக் குறிக்கும் ‘ஆர்எம்’, கடைசியில் கமா போட்ட 1,250.00. நம் கண்ணுக்கு அது ஆயிரத்து இருநூற்றைம்பது வெள்ளி (ரிங்கிட்). கோப்பிலிருந்து தரவைத் தேடி எடுக்கும் எக்ஸ்பாத்துக்கு வெறும் எழுத்து வரிசை. ‘ஆர்எம்’மை நீக்கினாலும் அந்தக் கமா ஒன்றே போதும், எண்ணாக மாறாது. எழுத்தாகவே அடுக்கினால் 1,250 வெள்ளிப் பட்டு, 89 வெள்ளிச் சேலைக்கு முன்னால் வந்து நிற்கும். 1 என்ற எழுத்து 8க்கு முந்தியது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்வது எளிது. கோப்பில் இப்படி இருந்தால் போதும்:

<விலை நாணயம்="எம்ஒய்ஆர்">1250.00</விலை>

(குறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க எக்ஸ்எம்எல் இடம் தருகிறது. தயங்காமல் வையுங்கள்.) கமாவையும் ‘ஆர்எம்’மையும் பக்கம் உருவாகும் நேரத்தில் எக்ஸ்எம்எல்லைப் பக்கமாக மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் உள்ள ஃபார்மேட்-நம்பர் என்ற கட்டளை சேர்த்துக்கொள்ளும்.

சிவப்புதான் என்னைப் படுத்தியது. எல்லா விலையும் சிவப்பில் இல்லை. “அண்ணே, சிவப்புன்னா என்ன அர்த்தம்?” என்று கேட்டேன். “ஆஃபர் தம்பி” என்றார். கல்லாவில் இருந்த அக்கா, “இல்லைங்க, சிலது கடைசி பீஸ்” என்றார். இன்னும் சில ஏன் சிவப்பானது என்று இருவருக்குமே நினைவில்லை. தள்ளுபடி என்ற தகவல் நிறத்துக்குள் போய்க் கரைந்துவிட்டது. இரண்டு நாள் அந்த அக்காவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு சேலையாகக் கேட்டுக் கேட்டு ‘தள்ளுபடி’, ‘கடைசி’ என்று பண்புகளை (மேலே ‘நாணயம்’ போல, குறிக்குள்ளேயே எழுதும் விவரம்) எழுதினேன். நிரல் எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கோப்பைச் சுத்தம் செய்பவர்கள்கூட அடுத்த படியில் சறுக்குகிறார்கள். தரவிலிருந்து எடுத்த நிறத்தை பக்கத்தை உருவாக்கும் எக்ஸ்எஸ்எல்டி வார்ப்புருவுக்குள் ஸ்டைல் பண்பாகத் திணித்துவிடுகிறார்கள். அழுக்கு ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகிறது, வீட்டை விட்டுப் போவதில்லை. வார்ப்புரு, ‘இது தள்ளுபடி விலை’ என்று ஒரு கிளாஸ் (வகை) பெயரை மட்டும் எழுதட்டும். ‘தள்ளுபடி’ என்ற சொல்லையும் பக்கத்தில் அச்சிடட்டும். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும், திரைவாசிப்பான் வழியே கேட்பவருக்கும் சிவப்பு எதையும் சொல்லாது. என்ன நிறம் என்பதை, தோற்றத்தை மட்டும் கவனிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு பார்த்துக்கொள்ளும்.

எக்ஸ்எம்எல் 1998இல், எக்ஸ்எஸ்எல்டி 1999இல் வந்தவை. பழைய சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய நம் மலேசிய நாட்டு மின்விலைப்பட்டியலை (இ-இன்வாய்ஸ்) வருமான வரி வாரியம் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன் என்ற இன்னொரு தரவு வடிவில்தான் வாங்குகிறது. தொகை வெறும் எண், நாணயம் தனிப் பண்பு. நேரத்தைக்கூட உலகப் பொது நேரத்தில் கேட்கிறார்கள்: பினாங்கில் ஆகஸ்ட் 1 காலை 7 மணிக்குப் போட்ட பில், கோப்பில் ஜூலை 31 இரவு 11 மணி. வாடிக்கையாளருக்குக் காட்டும்போதுதான் அது நம் நேரமாக மாறவேண்டும்.

இன்னொன்று: உலாவிக்குள்ளேயே எக்ஸ்எஸ்எல்டியை ஓட்டும் வசதியை நீக்கப்போவதாக குரோம் அறிவித்திருக்கிறது. அதை நம்பியிருப்பவர்கள் மாற்றத்தைச் சர்வரிலேயே முடித்து, எச்டிஎம்எல்லாக அனுப்புங்கள்.

வேலையை ஒப்படைக்கும் முன் நான் சிஎஸ்எஸ் கோப்பின் பெயரை மாற்றிவிட்டுப் பக்கத்தைத் திறப்பேன். நிறமும் அலங்காரமும் வராமல், வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்து மட்டும் இருக்கும். எந்தச் சேலைக்குத் தள்ளுபடி என்று அந்த அக்காவால் அப்போதும் சொல்ல முடிந்தால்தான் பெயரைத் திரும்ப மாற்றுவேன்.