எல்லை தாண்ட மறுத்தவரும், தாண்டியதை மறுத்தவரும்

தொண்டியிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருக்கிறார்: "'ஐ லைக் டு ஸ்விம்' சரியாம், 'ஐ என்ஜாய் டு ஸ்விம்' தப்பாம். இரண்டும் ஒரே அர்த்தம்தானே?"

வழக்கமான பதில் ஒரு பட்டியல். என்ஜாய், அவாய்டு, ஃபினிஷ் வந்தால் 'இங்' போடு, வான்ட், டிசைட், ரெஃப்யூஸ் வந்தால் 'டு' போடு, மனப்பாடம் செய். பட்டியலில் பிழையில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி தமிழ் பேசும் எவருக்கும் ஏற்கெனவே தெரியும்.

'டு' சேர்ந்த வினை இன்ஃபினிட்டிவ். 'இங்' சேர்ந்து பெயர்ச்சொல்லாக நிற்பது ஜெரண்ட். இது பள்ளிப் பாடம். தமிழில் முன்னதற்கு நெருக்கமானவை தாண்ட, பிடிக்க, வர போன்ற எச்சங்கள். பின்னதற்கு நெருக்கமானவை தாண்டுவது, தாண்டியது, தாண்டுதல்.

ராமேஸ்வரம் கரையில் யாருக்கும் விளங்கும் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "எல்லை தாண்ட மறுத்தார்." "எல்லை தாண்டியதை மறுத்தார்." முதல் ஆள் படகைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். இரண்டாம் ஆள் விசாரணையில் நிற்கிறார். 'மறுத்தார்' என்ற வினை மாறவே இல்லை. முன்னால் நிற்கும் சொல்லின் வடிவம் மட்டும் மாறியது. ஆங்கிலம் இதற்கு இரண்டு வினைகளை வைத்திருக்கிறது: 'ஹி ரெஃப்யூஸ்டு டு கிராஸ்', 'ஹி டினைடு கிராஸிங்'. ஆனால் 'டு', 'இங்' பங்கீடு அப்படியே நம்முடையது. 'ஒப்புக்கொள்' என்பதும் இப்படித்தான். தாண்ட ஒப்புக்கொண்டால் 'அக்ரீடு டு கிராஸ்'. தாண்டியதை ஒப்புக்கொண்டால் 'அட்மிட்டட் கிராஸிங்'.

காரணம் சொற்களின் பிறப்பில் இருக்கிறது. 'டு' முதலில் திசையைக் காட்டும் சொல். பழைய ஆங்கிலத்தில் அதன் பின்னால் வந்த வினைவடிவம் நம் 'கு' உருபு போன்ற நான்காம் வேற்றுமை ஈற்றை ஏற்று நின்றது. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை அடுக்கும்போது 'செய'வோடு 'செயற்கு' என்பதையும் வைக்கிறாரே, கிட்டத்தட்ட அதே அமைப்பு! ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு மொழிகள், இனி நடக்கவேண்டிய செயலைக் காட்ட ஒரே வழியைக் கண்டிருக்கின்றன. 'இங்' அப்படியல்ல. அது நம் 'தல்' போல வினையைப் பெயராக்கும் விகுதியாகவே தொடங்கியது. அதனால்தான் ஜெரண்டில், 'ஐ' உருபேற்ற பெயர்ச்சொல்லில் போல, நடக்கிற அல்லது நடந்த, கையில் பிடிக்கக்கூடிய ஒரு செயல் தெரிகிறது.

'ட்ரை' இன்னும் அழகு. நங்கூரம் பாறையில் சிக்கிவிட்டது. "கயிற்றை இழுக்கப் பார்த்தேன்" என்றால் முயன்றேன், முடிந்ததா என்பது வேறு: 'ட்ரைடு டு புல்'. "இழுத்துப் பார்த்தேன்" என்றால் இழுத்தாயிற்று, அதனால் பலன் உண்டா என்று பார்த்தேன்: 'ட்ரைடு புல்லிங்'. 'ஸ்டாப்' வினையிலும் கவனம் வேண்டும். கிழிந்த வலையைச் சரிசெய்வதை நிறுத்தினால் 'ஸ்டாப்டு மெண்டிங்'. வலையைச் சரிசெய்வதற்காக வேறு வேலையை நிறுத்தினால் 'ஸ்டாப்டு டு மெண்ட்'.

இனி மாணவியின் கேள்வி. தமிழில் 'நீந்தப் பிடிக்கும்', 'நீந்துவது பிடிக்கும்' இரண்டும் சரி. 'லைக்' அதேபோல இரண்டையும் ஏற்கும். 'என்ஜாய்' என்பதைப் 'பிடிக்கும்' என்று மொழிபெயர்ப்பதில்தான் சறுக்கல். அது 'ரசி'. 'நீந்த ரசிக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை. 'நீந்துவதை ரசிக்கிறேன்' என்றுதான் சொல்வோம். ஆக 'ஐ என்ஜாய் ஸ்விம்மிங்'. தவிர் (அவாய்டு), முடி (ஃபினிஷ்) ஆகியவற்றையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். 'போகத் தவிர்த்தேன்' என்பது நாக்கிலேயே நிற்காது.

வகுப்பில் தமிழ் பேசினால் ஆங்கிலம் வராது என்று சொல்லி அபராதம் போடுவதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். பிள்ளையின் காதுக்குள் இருக்கும் இலக்கணத்தைப் பூட்டிவிட்டுப் பட்டியலைத் திணிக்கிறோம். இரு மொழிகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்து பாடநூல் எழுதுவோருக்கு நிதி ஒதுக்கவேண்டும்.

தமிழ் காலை வாரும் இடங்களும் உண்டு. 'மீன் வாங்குவதற்காகப் பாம்பன் போனேன்' என்பதை 'ஃபார் பையிங்' என்று எழுதுகிறோம். ஆள் போன நோக்கத்துக்கு 'டு பை' மட்டுமே. ஒரு கருவியின் பயனுக்கு 'ஃபார்' சரி: 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃபிஷ்'. 'போக வைத்தார்' என்பதில் 'டு'வே கிடையாது: 'மேட் மீ கோ'.

அதிகம் தடுக்குவது வேலைக் கடிதங்களில். 'உங்களைச் சந்திக்க ஆவலாக இருக்கிறேன்' என்பதில் 'சந்திக்க' வருவதால் 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று கை எழுதிவிடும். அந்த 'டு'வுக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்டு டு த இன்டர்வியூ' பொருந்துகிறது. அப்படியானால் இந்த 'டு' வினையோடு ஒட்டியது அல்ல, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் வெறும் முன்னிடைச்சொல் (ப்ரிபொசிஷன்). அடுத்து வருவது 'மீட்டிங்'. 'வெயிலில் வேலை செய்யப் பழகிவிட்டார்' என்பதும் இதே கணக்கு: 'ஹி இஸ் யூஸ்டு டு வொர்க்கிங் இன் த சன்'. இதிலுள்ள 'இஸ்' போய்விட்டால் கதையே மாறும். 'ஹி யூஸ்டு டு வொர்க் இன் த சன்' என்றால் முன்பு அப்படி வேலை செய்துவந்தார், இப்போது இல்லை.