‘மாறி வாதம்’ என்னும் குழப்பம்

நாகர்கோவில் பக்கம் கைமாறும் சி மொழிப் பாடக் குறிப்புகளில் ‘மாறி வாதம்’ மறுபடியும் தலைகாட்டுகிறது. அச்சிடும் பிரிண்ட்எஃப் போன்ற செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) எத்தனை மதிப்பும் எந்த வகையிலும் தரலாம் அல்லவா, ஆங்கிலத்தில் ‘வேரியபிள் ஆர்குமெண்ட்ஸ்’ எனப்படும் அதற்கு வைத்த பெயராம்.

செயற்கூறுக்குத் தரும் மதிப்பைக் குறிக்கும் ஆர்குமெண்ட் இலத்தீன் வழிச் சொல். தெளிவாக்குதல், நிறுவுதல் என்பது வேர்ப்பொருள். வானியல் அட்டவணையில் எந்த மதிப்பைக் கொண்டு விடை தேடுகிறோமோ அதற்கும் அப்பெயர் வந்தது. பிறகு கணிதம், கணினி. ஆகவே ‘தருமதிப்பு’ போதும். ‘செயலுருபு’ என்பாரும் உண்டு. உருபு என்றதும் ஐ, ஆல், கு தானே நினைவுக்கு வரும்?

வாதம் என்றால் மார்த்தாண்டத்தில் தைலம் தேடுவார்கள். அதைக்கூடப் பொறுக்கலாம், ‘மாறி’தான் பெரிய கேடு. மாறி என்பது நினைவகத்தில் பெயரிட்ட இடம். இந்தத் தொடரைப் படிக்கும் மாணவர், மாறியை மட்டுமே அனுப்ப முடியும் என்று எடுத்துக்கொள்வார். 5 என்ற மாறிலியையும் 2+3 என்ற கோவையையும் தாராளமாக அனுப்பலாம். இங்கே மாறுவது எண்ணிக்கை; கூடவே வகை. ‘எண்ணிக்கை மாறும் தருமதிப்புகள்’ நீளம்தான், ஆனால் தவறாகப் படிக்க வழியில்லை. சுருக்கம் வேண்டும் என்று பொருளைக் கெடுப்பவர்களுக்கு நிரல் எழுதிய பழக்கம் இருக்கிறதா என்றே சந்தேகம்.

வகை ஏன் முக்கியம்? அழைக்கப்படும் செயற்கூறுக்கு வகை தெரியாது. ஒவ்வொரு மதிப்பின் வகையையும் %டி போன்ற குறிகளால் காட்டும் வடிவச் சரம் சொல்வதை அப்படியே நம்பும். 32-பிட் எக்ஸ்86 கணினியில் லாங் லாங் என்னும் பெரிய முழு எண் மதிப்புக்கு, சாதாரண முழு எண்ணான இன்டுக்குரிய %டி எழுதினால் 8 பைட்டில் 4 மட்டும் எடுக்கப்படும், மிச்சம் 4 அடுத்த மதிப்பாகப் படிக்கப்படும். அதன்பின் வருவதெல்லாம் இடம் பிசகும். 64-பிட் லினக்ஸில் பிழை வேறு மாதிரி. முழு எண்ணும் டபுள் என்னும் தசம எண்ணும் செயலியின் தனித்தனிப் பதிவகங்களில் போவதால், டபுளுக்கு %டி போட்டால் சம்பந்தமே இல்லாத எண் அச்சாகும். சொந்தமாக அச்சிடும் செயற்கூறு எழுதுவோர் ஜிசிசி தொகுப்பியின் ஃபார்மேட் பண்புக்கூற்றை அதில் சேர்த்து, வடிவச் சர எச்சரிக்கையையும் இயக்கினால் இவை தொகுக்கும்போதே பிடிபடும்.

அடுத்த கொடுமை ‘இயல்புநிலை வாதப் பதவி உயர்வு’; ‘டிஃபால்ட் ஆர்குமெண்ட் ப்ரமோஷன்’ என்பதன் பெயர்ப்பு. இப்படி அனுப்பும்போது சிறிய முழு எண் வகைகளான சாரும் ஷார்ட்டும் இன்ட் ஆவது, சிறிய தசம வகையான ஃப்ளோட் டபுள் ஆவது பதவி உயர்வா? ‘வகை விரிவு’ என்றால் தீர்ந்தது. அடுத்த தருமதிப்பை எடுத்துத் தரும் வா_ஆர்க்கிடம் சார் என்று கேட்கக் கூடாது, இன்ட் என்று வாங்கிப் பிறகு சுருக்க வேண்டும் என்பதும் உடனே விளங்கும். ஃப்ளோட்டையும் டபுளாகத்தான் கேட்க வேண்டும். பதவி உயர்வு என்று படித்தவருக்கு இதில் எது புரியும்?