"பழகிடுச்சு டாக்டர்": எலிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை

நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது இது: "முதல் ஒரு வாரம்தான் கஷ்டம் டாக்டர், அப்புறம் பழகிடுச்சு." பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் தெரிகிறது. தெரிவதும் நடப்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி. அதற்கு ஆய்வகத்து எலிகளைப் பார்க்க வேண்டும்.

சுண்டெலி பகலில் தூங்கும் பிராணி. ஒரு நாளில் சுமார் 12 மணி நேரம் தூங்கும், அதுவும் சில நிமிடம் தூக்கம், கொஞ்சம் விழிப்பு என்று துண்டு துண்டாக. அதை விழித்திருக்க வைப்பது எளிது. கண் சொருகும்போது கூண்டை லேசாகத் தட்டுவார்கள், படுக்கைப் பஞ்சைக் கலைப்பார்கள், புதிதாக ஒரு பொருளை உள்ளே போடுவார்கள். ஆறு மணி நேரம் இப்படித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டுப் பிறகு தூங்க விட்டால், அது கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும். அதைவிட முக்கியமாக, ஆழமாகத் தூங்கும். மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜியில், ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமான மெதுவான டெல்டா அலைகள் வலுவாக எழும். கடனை வட்டியோடு அடைக்கிற மாதிரி.

இது ஒரு நாள் கதை. தினமும் கெடுத்தால்?

2007இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பெரிய எலிகளை ஐந்து நாள் தொடர்ந்து, நாளுக்கு 20 மணி நேரம் விழிக்க வைத்து, 4 மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். முதல் நாள் ஈடுகட்டும் தூக்கம் நன்றாக வந்தது. அடுத்தடுத்த நாள்களில் அது வரவில்லை. பிறகு மூன்று நாள் இஷ்டப்படி தூங்க விட்டும் இழந்ததை அவை மீட்கவில்லை. ஆனால் 2010இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு இதை மறுத்தது: தூக்கத்தின் அழுத்தம், அதாவது தூங்கியே ஆக வேண்டும் என்ற உந்துதல், குறையவில்லை, விழித்திருக்கும்போதே மூளையில் மெதுவான அலைகள் கூடுகின்றன என்றது. சர்ச்சை இருக்கட்டும். உடம்பு குறைந்த தூக்கத்துக்கு நிம்மதியாகப் பழகிக்கொண்டது என்று இரண்டு தரப்புமே சொல்லவில்லை.

2014இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு இன்னும் கலக்கம் தருவது. ஷிப்ட் வேலை போல மூன்று நாள் தூக்கம் கெட்ட சுண்டெலிகளில், மூளையில் விழிப்பைக் காக்கும் லோகஸ் செருலியஸ் என்ற பகுதியின் நரம்பணுக்களில் சுமார் கால்வாசி அழிந்திருந்தன. மனிதர்களுக்கும் இப்படியே நடக்கும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பயமுறுத்துவதும் என் நோக்கமில்லை.

மனிதர்களில் தெரிந்தது வேறு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரமே படுக்கையில் இருந்தவர்களின் கவனம், ஒன்றிரண்டு இரவு முழுக்கத் தூங்காதவர் அளவுக்குச் சரிந்தது. ஆனால் "தூக்கம் வருதா?" என்றால், கொஞ்சம்தான் என்றார்கள்.

அதனால் நான் யாரிடமும் "பழகிடுச்சா?" என்று கேட்பதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் மூடுகிறதா, லீவு நாளில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், கடந்து வந்த சிக்னல் நினைவில்லாமல் போனதுண்டா என்றுதான் கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மாத்திரை பற்றிப் பேசுவதற்கு முன்பே, ஷிப்ட் முடிந்து பைக்கை நீங்கள் ஓட்டாதீர்கள், வீட்டில் யாரையாவது வரச் சொல்லுங்கள் என்பேன்.