லெமன் பாம்: எந்த நாளில் அறுப்பது?

லெமன் பாம் இலையொன்றைக் கசக்கினால் எலுமிச்சை மணம் விரலில் நெடுநேரம் ஒட்டியிருக்கும். துளசி, புதினா, கற்பூரவல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் இலைப் பரப்பில், உருப்பெருக்கியில்தான் தெளிவாகத் தெரியும் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய மேல்தோலுக்கு அடியில் எலுமிச்சை மணம் தரும் சிட்ராலும் சிட்ரோனெலாலும் கலந்த எண்ணெய் தேங்கி நிற்கிறது, கசக்கும்போது அந்தத் தோல் கிழிகிறது. ஆனால் அளவு மிகவும் சொற்பம். உலர்ந்த இலையில் பொதுவாக 0.02 முதல் 0.3 சதவீதம் வரைதான் எண்ணெய் உண்டு, 0.1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 100 கிலோ இலையிலிருந்து 100 கிராம் கிடைக்கும். மலிவான எலுமிச்சைப்புல் எண்ணெயை இதில் கலந்து விற்கும் மோசடிக்கு இந்த அருமையே காரணம்.

ஆயிரம் விதைகள் சேர்ந்தும் ஒரு கிராம் எடை தேறாத அளவுக்கு விதை சிறியது. முளைக்கவும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். எனவே ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளில் குளிர்காலக் கடைசியிலேயே கண்ணாடிக்கூடத்தில் நாற்று விட்டு, உறைபனி ஓய்ந்தபின் வயலில் நடுகிறார்கள். நடவு தள்ளிப்போனால் கோடையின் நீண்ட பகல்களில் ஒரு பகுதி வீணாவதோடு, வேர் ஆழமாக இறங்குவதற்குள் அடுத்த குளிரும் வந்துவிடும். குளிர் கடுமையாக இல்லாத மத்தியதரைக் கடலோரப் பகுதிகளில் இலையுதிர் காலத்திலேயே நடலாம். வேர் முன்னரே பிடித்துக்கொள்வதால் வசந்தத்தில் தழை விரைந்து எழும்பும்.

அறுவடையில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது, ஏனெனில் எடை உச்சம் தொடும் நாளும் எண்ணெய் உச்சம் தொடும் நாளும் ஒன்றாக அமைவதில்லை. எண்ணெய் பெரும்பாலும் இலையில், அதிலும் நுனிப்பகுதியின் இளம் இலைகளில்தான் செறிந்திருக்கிறது. தண்டில் அநேகமாக இல்லை. பூக்கத் தொடங்கிய செடியில் தண்டு நீண்டு முற்றுகிறது, அடியிலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. தராசில் ஏற்றினால் விளைச்சல் கூடியதாகவே தோன்றும். எண்ணெய் வடிக்கும் கலமான வாலையில் இட்டு வடித்துப் பார்க்கும்போதுதான் குறைவு புலப்படும். தழையை எடைபோட்டு விலை பேசும் இடங்களில் விவசாயி தாமதிப்பதைக் குறை சொல்ல முடியாது என்பதே என் எண்ணம். எண்ணெய்தான் நோக்கமென்றால், அரும்பு கட்டி இன்னும் பூ விரியாத நிலையில், பனி ஈரம் உலர்ந்த பிறகு அறுப்பதே சரி.

தரையிலிருந்து ஒரு சாண் அளவுக்குள் அடித்தண்டை விட்டு அறுத்தால் மறுதாம்பு துளிர்க்கும். முதலாண்டில் பெரும்பாலும் ஓர் அறுப்புதான். இரண்டாம் ஆண்டு முதல் இரண்டு, சில இடங்களில் மூன்று. கடைசி அறுப்பை மட்டும் உறைபனிக்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிட வேண்டும். புதிதாகத் துளிர்க்கும் இலைகள் தயாரிக்கும் உணவு வேரில் சேர்ந்தால்தான் அடுத்த வசந்தத்தில் செடி தழைக்கும்.